99 ரூபாய் டிக்கெட்டும் கிளாம்பாக்கம் டாக்ஸியும்: சென்னையிலிருந்து வெளியூர் போக எது மலிவு?

2024 செப்டம்பரில் ஃப்ளிக்ஸ்பஸ் என்ற ஜெர்மன் பஸ் நிறுவனம் தென்னிந்தியாவுக்கு வந்தபோது, பெங்களூரு–சென்னை டிக்கெட் 99 ரூபாய் என்று அறிமுக விலை வைத்தது. கோயம்பேட்டில் ஆட்டோ ஏறி கிண்டியில் இறங்கினாலே அதற்கு மேல் கேட்பார்கள். 350 கிலோமீட்டருக்கு இந்த விலையா என்று ஆளாளுக்கு ஆப்பைத் திறந்து பார்த்தார்கள். அந்தச் சலுகை முடிந்து ரொம்ப நாளாகிவிட்டது. ஆனால் அது கிளப்பிவிட்ட கேள்வி அப்படியே இருக்கிறது: சென்னையிலிருந்து வெளியூருக்குக் குறைந்த செலவில் போக எதில் புக் பண்ணுவது?

முன்பெல்லாம் இதற்கு யோசிக்கவே வேண்டாம். காசு மிச்சமாக வேண்டுமா, அரசு பஸ் இல்லையென்றால் ரயில். கால் நீட்டிப் படுக்க வேண்டுமா, தனியார் ஆம்னி பஸ். இப்போது இரண்டுக்கும் நடுவில் புதிதாக ஒரு கூட்டம் வந்திருக்கிறது. ஃப்ளிக்ஸ்பஸ், இன்டர்சிட்டி ஸ்மார்ட்பஸ், மின்சார பஸ் ஓட்டும் நியூகோ என்று. பார்வைக்கு ஆம்னி மாதிரி இருக்கும், விலை மட்டும் விமான டிக்கெட் மாதிரி ஏறி இறங்கும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த பஸ் மலிவு என்பதை இரண்டு விஷயங்கள்தான் முடிவு செய்கின்றன. பயணம் எத்தனை நாள் முன்னால் உறுதியாகிறது என்பது ஒன்று. சென்னையில் எந்த மூலையில் குடியிருக்கிறீர்கள் என்பது இன்னொன்று. இவற்றை விட்டுவிட்டு ஆப்பில் விலையை மட்டும் கீழிருந்து மேலாக வரிசைப்படுத்திப் பார்த்தால் கணக்கு தப்பும்.

ஒரு பவுண்டு டிக்கெட்டின் சூட்சுமம்

99 ரூபாய் டிக்கெட் யாரோ நஷ்டத்துக்கு விற்றது என்று நினைக்க வேண்டாம். இதற்கு ஒரு பழைய வழித்தடம் இருக்கிறது. 2003-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஸ்டேஜ்கோச் நிறுவனம் பிரிட்டனில் மெகாபஸ் என்ற சேவையைத் தொடங்கியது. டிக்கெட் ஒரு பவுண்டிலிருந்து. 2006-இல் அதையே அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் சிகாகோவை மையமாக வைத்து ஓட்டினார்கள். அங்கே ஒரு டாலரிலிருந்து. அதற்கு முன்பே நியூயார்க்கின் சைனாடவுனிலிருந்து பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் தெருவோரத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு சின்னச் சின்ன சீன நிறுவனங்கள் மலிவு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தன. மெகாபஸ் அதே வழியைப் பெரிய அளவில் செய்தது. டிக்கெட் கவுன்டர் இல்லை, பஸ் நிலைய வாடகை இல்லை, விற்பனை முழுக்க இணையத்தில்.

ஜெர்மனியில் கதை வேறு. ரயிலுக்குப் போட்டி வரக்கூடாது என்று அங்கே ஊருக்கு ஊர் பஸ் ஓட்டப் பல பத்தாண்டுகளாகத் தடை இருந்தது. 2013 தொடக்கத்தில் அந்தத் தடை நீங்கியது. அந்த ஆண்டே ஃப்ளிக்ஸ்பஸ் களத்தில் இறங்கி, சில ஆண்டுகளில் போட்டியாளர்களை ஒவ்வொருவராக விழுங்கிவிட்டது. 2021-இல் அமெரிக்க பஸ் நிறுவனமான கிரேஹவுண்டையே வாங்கியது. இத்தனைக்கும் அதன் பெயரில் ஓடும் பஸ்களில் ஏறக்குறைய எதுவும் அதற்குச் சொந்தமில்லை. பஸ், டிரைவர் எல்லாம் உள்ளூர் முதலாளிகளுடையவை. தடம் போடுவது, விலை வைப்பது, டிக்கெட் விற்பது, பெயர்ப்பலகை மாட்டுவது மட்டும் இவர்கள் வேலை. வசூலில் பங்கு. இந்தியாவிலும் இதே ஏற்பாடுதான். 2024 பிப்ரவரியில் டெல்லிப் பக்கம் தொடங்கி, செப்டம்பரில் பெங்களூரு வழியாக நம்மூர் வந்தார்கள்.

விலை வைக்கும் முறைதான் இதில் முக்கியம். கிளம்பிப் போய்விட்ட பஸ்ஸின் காலி சீட்டை மறுநாள் விற்க முடியாது. அதனால் முதலில் வருபவர்களுக்குச் சில சீட்டுகளை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். பஸ் நிரம்ப நிரம்ப விலை ஏறும். கடைசி நாளில் வருகிறவர் கொடுக்கும் காசுதான் முதல் நாள் வந்தவரின் சலுகையை ஈடுகட்டுகிறது. ஆக, விளம்பரத்தில் இருக்கும் விலை அந்தத் தடத்தின் விலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது அந்த பஸ்ஸின் முதல் சில சீட்டுகளின் விலை.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. நம் ஆம்னி பஸ்கள் பெரும்பாலும் இரவில் ஓடிவிட்டுப் பகலெல்லாம் ஷெட்டில் நிற்பவை. வங்கிக் கடன் தவணைக்குப் பகல், இரவு கிடையாது. புதியவர்கள் பகலிலும் ஓட்டுகிறார்கள். பெங்களூரு மாதிரி ஆறேழு மணி நேரத் தடத்தில் ஒரே பஸ்ஸைக் காலையில் ஒரு நடை, இரவில் ஒரு நடை விடலாம். மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ அது அவ்வளவு சுலபமில்லை. மலிவு பஸ்களின் வளர்ச்சி பெங்களூரு, புதுச்சேரி போன்ற தடங்களில் கண்ணுக்குத் தெரிவதற்கும், நாகர்கோவில் தடத்தில் அவ்வளவாகத் தெரியாததற்கும் இது ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

இந்த வளர்ச்சிக்கு நிரந்தர உத்தரவாதம் எதுவும் கிடையாது. அமெரிக்க மெகாபஸ்ஸை நடத்திவந்த கோச் யுஎஸ்ஏ 2024 ஜூனில் திவால் மனு போட்டது. பல தடங்கள் போயே போய்விட்டன. ஒரு டாலர் டிக்கெட்டுக்குப் பழகிப்போன ஊர்கள் திரும்பப் பழைய பஸ்ஸைத் தேடிப் போக வேண்டியதாயிற்று.

ஆம்னி: சட்டப்படி அது ஒப்பந்த வண்டி

ஆம்னி பஸ்ஸில் ஏறும் பலருக்கு ஒரு விஷயம் தெரியாது. மோட்டார் வாகனச் சட்டப்படி அரசு பஸ் வழியெங்கும் ஆள் ஏற்றி இறக்கும் வண்டி. ஆம்னிக்கு இருப்பது ஒப்பந்த வண்டி உரிமம், அதாவது ஒரு கூட்டத்தை ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு வாடகைக்குக் கூட்டிப்போகும் உரிமம். அதனால் அரசு பஸ்ஸுக்கு இருப்பது மாதிரி கிலோமீட்டருக்கு இவ்வளவு என்ற அரசுக் கட்டணம் இதற்கு இல்லை. உரிமையாளர் சங்கங்கள் தாங்களாகவே உச்ச விலை என்று ஒரு பட்டியல் வெளியிடுவதோடு சரி. பொங்கலுக்கு முன்னும் தீபாவளிக்கு முன்னும் போக்குவரத்துத் துறை சோதனை நடத்துவதும், அபராதம் போடுவதும், அமைச்சர் எச்சரிப்பதும் வருஷா வருஷம் நடக்கிறது. விலையும் வருஷா வருஷம் ஏறுகிறது.

சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் மதுரைக்கு 700, 800 ரூபாய்க்குக் கிடைக்கிற ஏசி படுக்கை, பொங்கலுக்கு முந்தைய இரவு 3,000-ஐத் தொடும். முகூர்த்த நாள் மல்லிகைப்பூ விலைதான். வாங்காமலும் இருக்க முடியாது.

இவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் சீட்டுக்கும் படுக்கைக்கும் கணக்குப் போட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரி கட்ட வேண்டும். பண்டிகைக்குத் தெற்கே நிரம்பிப் போகிற பஸ், திரும்பி வரும்போது ஏறக்குறைய காலி. வரியைக் குறைக்கப் பலர் நாகாலாந்திலும் அருணாசலப் பிரதேசத்திலும் வண்டியைப் பதிவு செய்து, அகில இந்தியச் சுற்றுலா உரிமத்தில் இங்கே ஓட்டினார்கள். 2024 ஜூனில் தமிழ்நாடு அரசு அதை நிறுத்தச் சொன்னது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட பஸ்கள் அதில் சிக்கின. உங்கள் டிக்கெட் விலையில் இந்த இழுபறியும் கொஞ்சம் இருக்கிறது.

ஆம்னியின் உண்மையான பலம் ஏறும் இடம். அதற்குக் கீழே வருகிறேன்.

அரசு விரைவு பஸ்: அசையாத விலை

2018 ஜனவரியில் தமிழ்நாட்டில் பஸ் கட்டணம் உயர்ந்தது. கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த மாதக் கடைசியிலேயே கொஞ்சம் குறைத்தார்கள்: எக்ஸ்பிரஸ் கிலோமீட்டருக்கு 75 பைசா, சூப்பர் டீலக்ஸ் 85 பைசா, அல்ட்ரா டீலக்ஸ் ஒரு ரூபாய். அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் அந்த விலை அசையவில்லை. அப்போது சென்னையில் டீசல் லிட்டர் 60-களின் நடுவில் இருந்தது. பிறகு 90-ஐத் தாண்டிவிட்டது. அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் நஷ்டக் கணக்கு பெருத்ததற்கு இது ஒரு பெரிய காரணம். பயணிக்கு இது லாபம்.

தெற்கே போகும் அரசு பஸ்கள் கிளம்பும் கிளாம்பாக்கத்திலிருந்து மதுரைக்கு அல்ட்ரா டீலக்ஸ் சாய்வு இருக்கையில் 500 ரூபாய்க்குள் போய்விடலாம். இதில் எனக்குப் பிடித்த அம்சம், மூன்று மாதம் முன்னால் பதிவு செய்தாலும், கிளம்புவதற்கு அரை மணி முன்னால் ஓடிப்போய் ஏறினாலும் அதே விலை என்பதுதான். நடு ராத்திரி ஊரிலிருந்து போன் வருகிறது, தாத்தாவுக்கு முடியவில்லை என்று. அப்போது இணையத்தில் ஆம்னி விலை என்ன காட்டுகிறது என்று பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. கிளம்பினால் போதும்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். தமிழ்நாடு அரசு பஸ்களில் 5 வயது வரை குழந்தைக்கு டிக்கெட் இல்லை. 2022-இல்தான் 3 வயதாக இருந்ததை 5 ஆக்கினார்கள். 12 வயது வரை அரை டிக்கெட். கணவன், மனைவி, எட்டு வயதுப் பெண், நாலு வயதுப் பையன் மதுரைக்குப் போனால் இரண்டரை டிக்கெட், 1,200 ரூபாய்க்குப் பக்கம். அதே குடும்பம் ஆம்னி படுக்கையில் போனால் பையனை அம்மாவோடு படுக்க வைத்தாலும் மூன்று படுக்கை. சாதாரண நாளிலேயே 2,100-லிருந்து 2,400 வரை. பண்டிகையில் அந்தத் தொகையைச் சொல்லவே வேண்டாம். அப்புறம், இங்கே ஒரு தெளிவு: பெண்களுக்கான விடியல் பயணம் நகர, புறநகர சாதாரண பஸ்களுக்குத்தான். விரைவு பஸ்ஸில் அது செல்லாது. கிளாம்பாக்கத்தில் கண்டக்டரோடு இதற்காக வாதாடும் அக்காக்களை இன்னும் பார்க்க முடிகிறது.

குறைகளும் நிறைய. பழைய வண்டிகளில் சாய்வு நெம்புகோல் பாதி உடைந்திருக்கும். சாய்ந்தால் நிமிராது, நிமிர்ந்தால் சாயாது. ஜன்னல் கண்ணாடி ஓட்டத்தில் தானே திறந்துகொள்ளும். மார்கழியில் உளுந்தூர்பேட்டைக்கு அந்தப் பக்கம் அந்த ஒரு விரல் இடைவெளியில் வரும் காற்றுக்குத் துண்டு, நாளிதழ் எல்லாம் சொருகிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 2018-லிருந்து படுக்கை வசதி, ஏசி என்று புதிய வண்டிகள் வந்துகொண்டிருக்கின்றன. நிலைமை முன்னைக்குத் தேவலாம். ஆனால் உங்களுக்கு எந்த வண்டி வரும் என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

வழியில் நிற்கும் ஓட்டல் பற்றி அரசு, தனியார் என்று பிரித்துப் பேச வேண்டியதில்லை. நள்ளிரவில் டியூப்லைட் வெளிச்சத்தில் பரோட்டா தட்டும் சத்தத்தோடு ஓர் இடத்தில் நிறுத்துவார்கள். டீ 10 ரூபாய்க்குக் கிடைக்காது, கழிப்பறைக்குக் காசு. சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு ஏறுவது எந்த பஸ்ஸுக்கும் பொருந்தும்.

எங்கே ஏறுவது என்பதிலேயே பாதிக் காசு

2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் திறக்கப்பட்டது. 88 ஏக்கர், ஏறக்குறைய 400 கோடி ரூபாய் செலவு. தெற்கே போகும் அரசு விரைவு பஸ்கள் அங்கே மாறின. தாம்பரம், கூடுவாஞ்சேரிக்காரர்களுக்கு இது வரப்பிரசாதம். கோயம்பேடு வரை போய்விட்டு அதே வழியில் திரும்பி வந்த காலம் போயிற்று. பெரம்பூர், வியாசர்பாடி, அம்பத்தூர்க்காரர்களுக்கு நேர் எதிர்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெரம்பூரில் இருந்து நாலு பேர், இரண்டு பெட்டி, ஒரு அரிசிப் பை என்று டாக்ஸியில் கிளாம்பாக்கம் போனால் மாலை நெரிசலில் ஆயிரத்தை நெருங்கும். இரண்டரை டிக்கெட்டில் மிச்சம் பிடித்த காசில் பெரும்பகுதி ஜிஎஸ்டி சாலையிலேயே கரைந்துவிடும். தனியாளாக முதுகுப்பையோடு போகிறவருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. புறநகர் ரயிலில் பத்துப் பதினைந்து ரூபாய்க்கு வண்டலூர் வந்து, அங்கிருந்து மாநகரப் பேருந்து. ஒன்றரை மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். வட சென்னைக்காரர்கள் முதலில் மாதவரத்தைப் பார்ப்பது நல்லது. 2018-இல் ஆந்திரப் பக்கத்துக்காகத் திறந்த அந்த நிலையத்திலிருந்து, கிளாம்பாக்கம் வந்த பிறகு தெற்கு ஊர்களுக்கும் அரசு பஸ்கள் விடுகிறார்கள். இது இன்னும் பலருக்குத் தெரியவில்லை.

ஆம்னிகளையும் 2024 ஜனவரியில் கிளாம்பாக்கத்துக்குப் போகச் சொன்னார்கள். அவர்கள் நீதிமன்றம் போனார்கள். பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் போரூர், சூரப்பட்டு சுங்கச்சாவடிகளில் பயணிகளை ஏற்றிக்கொள்ள இடைக்கால அனுமதி கொடுத்தது. இந்த ஒரு காரணத்தாலேயே அம்பத்தூர், கொளத்தூர், வளசரவாக்கம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஆம்னி விலை 300 ரூபாய் கூடுதலாக இருந்தாலும் மொத்தச் செலவில் சமமாக வந்துவிடும். பத்து நிமிட ஆட்டோவில் சூரப்பட்டு போய் ஏறுகிறவரிடம் அரசு பஸ்தான் மலிவு என்று சொன்னால் சிரிப்பார்.

புதிய மலிவு பஸ்களில் ஏறும் இடத்தை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். தெருவோரத்தில் ஏற்றுவதுதான் இவர்கள் செலவைக் குறைக்கும் வழி என்று மேலே சொன்னேன். அதன் மறுபக்கம், ராத்திரி பதினோரு மணிக்கு மேம்பாலத்தடியில் ஒரு பெட்ரோல் பங்க் அருகே நிற்பது. நிழற்குடை, கழிப்பறை, விசாரிக்க ஆள் எதுவும் இருக்காது. வரைபடத்தில் புள்ளி சரியாக இருக்கும், பஸ் எதிர்ப் பக்கம் வந்து நிற்கும். தனியாகப் போகும் பெண்களும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில், விலையைப் பார்ப்பதற்கு முன் ஏறும் இடத்தைப் பாருங்கள். இறங்கும் நேரத்தையும் பாருங்கள். விடிகாலை மூன்றரைக்குப் பைபாஸில் இறக்கிவிடும் பஸ் எவ்வளவு மலிவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

வழியில் நின்றுவிட்டால்

இது விலைப்பட்டியலில் வராத ஒன்று. ஒருமுறை நான் போன தனியார் பஸ்ஸில் விழுப்புரம் தாண்டி ஏசி நின்றுவிட்டது. படுக்கை பஸ்ஸின் கண்ணாடிகள் திறக்காது. டிரைவரிடம் கேட்டால் ஆபீஸுக்குப் போன் போடுங்கள் என்றார். ஆபீஸ் எண் வேறு மாநிலத்தில் எங்கோ ஒலித்தது. அங்கே பேசியவருக்கு விழுப்புரம் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. பஸ் ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது, டிக்கெட் விற்றது மூன்றாமவர் என்றால் யாரைப் பிடிப்பது? பாதிப் பணம் ஒரு மாதம் கழித்து வந்தது.

அரசு பஸ் நின்றால் கண்டக்டர் சாலையில் இறங்கிக் கை காட்டுவார். அடுத்து வருகிற அரசு பஸ்ஸில், நின்றுகொண்டோ உட்கார்ந்தோ, அதே டிக்கெட்டில் ஏற்றிவிடுவார். அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகத்துக்கு மட்டுமே ஆயிரத்தைச் சுற்றி பஸ்கள். மற்ற கழகங்களின் வண்டிகளும் அதே சாலையில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. சொகுசு இருக்காது, ஆனால் விடிவதற்குள் ஊர் போய்ச் சேரலாம். இந்தக் காப்பீட்டுக்கு நாம் தனியாகக் காசு கொடுப்பதில்லை.

படுக்கை பஸ் பற்றி ஒரு வார்த்தை. 2025 அக்டோபரில் கர்னூல் அருகே ஹைதராபாத்–பெங்களூரு படுக்கை பஸ் தீப்பற்றிப் பலர் வெளியே வர முடியாமல் இறந்தார்கள். எந்த நிறுவனமாக இருந்தாலும் ஏறியதும் அவசர வழி எங்கே, கண்ணாடி உடைக்கும் சுத்தியல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல பஸ்களில் சுத்தியலுக்கான கொக்கி மட்டும்தான் இருக்கும்.

ரயில் கிடைத்தால்

கிடைத்தால் ரயில்தான். இதில் பெரிய வாதம் எதுவும் இல்லை. மதுரைக்கு ஸ்லீப்பர் படுக்கை முந்நூறு சொச்சம். பெங்களூருக்கு பிருந்தாவன், லால்பாக் எக்ஸ்பிரஸ்களில் இரண்டாம் வகுப்பு இருக்கை இருநூறுக்குள். எந்த மலிவு பஸ்ஸும் நிரந்தரமாக இந்த விலைக்கு ஓட முடியாது. கழிப்பறை உண்டு, எழுந்து நடக்கலாம். தெற்கே போகிறவர்களில் எழும்பூரில் ஏற முடியாதவர்கள் தாம்பரத்தில் ஏறலாம். வந்தே பாரத் வேகமானது, ஆனால் மலிவுக் கணக்கில் அதைச் சேர்க்க முடியாது.

சிக்கல், கிடைப்பதில்தான். முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பரில் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தார்கள். பண்டிகை நாள் டிக்கெட் காலை எட்டு மணிக்குத் திறந்து சில நிமிடங்களில் காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விடும். இணையத்தில் எடுத்தது கடைசிவரை உறுதியாகவில்லையென்றால் டிக்கெட் தானாக ரத்து. தட்கலுக்கு 2025 ஜூலையிலிருந்து ஆதார் இணைத்த கணக்கு வேண்டும். ஏசிக்குக் காலை பத்து மணி, மற்றதற்குப் பதினொன்று.

அப்போ எதை எடுப்பது?

பெங்களூரில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை சென்னை வந்துபோகிற பையனோ பெண்ணோ என்றால் புதிய மலிவு பஸ்கள் உங்களுக்காகவே செய்தவை. தேதி முன்கூட்டியே தெரியும், சாமான் ஒரு பை, கையில் போன். வெள்ளி இரவை விட்டு சனி காலையில் கிளம்ப முடிந்தால் விலை நன்றாக இறங்கும். மூன்று வாரம் முன்னால் எடுங்கள். ஒரு எச்சரிக்கை: ரத்து விதியைப் படித்துவிட்டு எடுங்கள். மலிவாக எடுத்த டிக்கெட்டை மாற்ற முடியாமல் புதிதாக இன்னொன்று எடுத்தால் இரண்டும் சேர்ந்து ஆம்னி விலையைத் தாண்டிவிடும்.

திருச்சி, கும்பகோணம், சேலம் அளவிலான தூரத்துக்கு நான் ஆப்பைத் திறப்பதே இல்லை. கிளாம்பாக்கம் போனால் பஸ் நின்றுகொண்டிருக்கும். எக்ஸ்பிரஸ் கட்டணத்தில் திருச்சி 250 ரூபாயைச் சுற்றி. பகலில் ஜன்னலோரம் கிடைத்தால் அதுவே போதும். இந்தத் தூரத்துக்குப் படுக்கை எடுப்பது தூங்கி எழுவதற்குள் இறங்கச் சொல்லும் ஏற்பாடு.

மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில், ராமேஸ்வரம் என்று ராத்திரி முழுக்கப் போகிறவர்கள் முதலில் ரயிலைப் பாருங்கள். இல்லையென்றால் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அரசு பஸ், முடிந்தால் அதன் ஏசி அல்லது படுக்கை வண்டி. அறுபது வயது தாண்டிய அப்பா அம்மாவைத் தனியாக அனுப்புகிறீர்கள், வீடு அண்ணா நகர், அம்பத்தூர்ப் பக்கம் என்றால் யோசிக்காமல் ஆம்னியில் கீழ்ப் படுக்கை எடுங்கள். டாக்ஸியில் ஜிஎஸ்டி சாலை நெரிசலில் அவர்களை ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்து மிச்சப்படுத்துகிற காசு தைலத்துக்குப் போய்விடும். மேல் படுக்கை மலிவாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். அந்தச் சின்ன ஏணியில் முட்டி வலிக்காரர்கள் ஏற முடியாது.

பண்டிகை நாளுக்கு மட்டும் தனி விதி. விலை ஏறி இறங்குகிற எந்த பஸ்ஸும் அன்றைக்கு மலிவாக இருக்காது. புதியவர்கள், ஆம்னி எல்லாருக்கும் பொங்கல் ஒன்றுதான். அன்றைக்கு அசையாத விலைக்காரர்கள் இரண்டே பேர், அரசு பஸ்ஸும் ரயிலும். அரசு விரைவு பஸ் முன்பதிவு 2024 கடைசியில் 60 நாளிலிருந்து 90 நாளாக நீண்டது. ஜனவரி 13-ஆம் தேதி கிளம்ப வேண்டுமென்றால் பஸ்ஸுக்கு அக்டோபர் 15-ஐ ஒட்டியும், ரயிலுக்கு நவம்பர் 14-ஆம் தேதி காலை எட்டு மணிக்கும் போனோடு உட்கார வேண்டும். நான் செய்வது, முதலில் பஸ்ஸை எடுத்துவைப்பது. நவம்பரில் ரயில் உறுதியாகிவிட்டால் பஸ்ஸை ரத்து செய்துவிடலாம். இரண்டு மாதம் முன்னால் ரத்து செய்தால் பிடித்தம் அதிகம் இருக்காது, அந்த சீட்டும் வேறு யாருக்காவது கிடைக்கும். இரண்டும் கிடைக்காதவர்களுக்குக் கடைசி வாரத்தில் சிறப்பு பஸ்கள் அறிவிப்பார்கள். அவை எந்த நிலையத்திலிருந்து கிளம்பும் என்பதை அந்த அறிவிப்பிலேயே பார்த்துவிட்டு வீட்டிலிருந்து கிளம்புங்கள். ஊருக்கு ஊர் அது மாறும்.